தாய் இழந்த ரத்தத்தை யார் அளப்பது?

குழந்தை பிறந்ததும் தராசில் வைக்கிறோம். 2 கிலோ 850 கிராம் என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடுகிறது. பிறந்த நேரமும் நிமிடம் தப்பாமல் பதிவாகிறது. அதே அறையில், அதே நிமிடங்களில், தாயின் உடம்பிலிருந்து எவ்வளவு ரத்தம் போனது என்பதை மட்டும் பெரும்பாலும் கண்ணால் பார்த்து உத்தேசமாக எழுதிவிடுகிறோம். இந்த உத்தேசம் இனி ஆகாது என்று 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புதிய வழிகாட்டுதல் சொல்கிறது.

மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பும், பேறுகாலச் செவிலியர்களின் சர்வதேசக் கூட்டமைப்பும் அதில் சேர்ந்து கையெழுத்திட்டிருக்கின்றன. சுகப்பிரசவத்துக்குப் பிறகு 500 மில்லி லிட்டர் ரத்தம் போனால் ஆபத்து என்பதுதான் இதுவரை பாடப்புத்தகக் கணக்கு. இனி, 300 மி.லி. போயிருக்கும்போதே நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ வழக்கத்திலிருந்து மாறியிருந்தால் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். 500 தொட்டுவிட்டால் வேறு அறிகுறி எதற்கும் காத்திருக்கக் கூடாது. இதைச் செய்ய ரத்தத்தை அளந்தாக வேண்டும். அளவுக்கோடு போட்ட பையை வைத்து அளக்க வேண்டும்.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 45,000 தாய்மார்கள் உலகெங்கும் இறக்கிறார்கள். மருந்து இல்லாத நோயால் அவர்கள் இறக்கவில்லை. மருந்து இருக்கிறது, விலையும் குறைவு. அது வேண்டும் என்று தெரிந்துகொள்ளத் தாமதமானதால் இறந்தவர்கள் அவர்களில் ஏராளம்.

இரண்டு மணி நேரம்

கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை வெளியே வந்து நஞ்சும் பிரிந்த பிறகு, நஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்களின் வாய்கள் திறந்தபடி நிற்கும். கர்ப்பப்பையின் தசை இறுகிச் சுருங்கித்தான் அவற்றை மூடுகிறது. அடிவயிற்றில் கைவைத்துப் பார்க்கும் செவிலியர், கிரிக்கெட் பந்துபோலக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் நிம்மதி அடைவார். தொளதொளவென்று இருந்தால் தசை சோர்ந்துவிட்டது, ரத்தம் நிற்காது என்று பொருள்.

பெரும்பாலான ரத்தப்போக்குக்கு இந்தச் சோர்வே காரணம். பிறப்புறுப்பிலோ கர்ப்பப்பை வாயிலோ ஏற்பட்ட கிழிசல், உள்ளே தங்கிவிட்ட நஞ்சின் துண்டு, ரத்தம் உறையாமல் போவது ஆகியவை மற்ற காரணங்கள்.

பேறுகாலத்தின் மற்ற ஆபத்துகள் கொஞ்சமாவது அவகாசம் தருகின்றன. வலிப்பு வந்த தாயைக் காப்பாற்றச் சுமார் இரண்டு நாள் இருக்கலாம். கிருமித்தொற்று என்றால் சில நாள்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு தரும் அவகாசம் சராசரியாக இரண்டு மணி நேரம் என்பது பேறுகால மரணங்களை ஆராய்ந்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் மதிப்பீடு. அதற்குள் கண்டுபிடித்து, மருந்து கொடுத்து, தேவைப்பட்டால் வேறு மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, ரத்தமும் ஏற்றியாக வேண்டும்.

யாருக்கு இது வரும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடவும் முடியாது. இரட்டைக் குழந்தை, பெரிய குழந்தை, நீண்ட நேரம் இழுத்த வலி, முந்தைய பிரசவத்தில் ரத்தப்போக்கு என்று சில எச்சரிக்கைகள் உண்டு. இவற்றில் ஒன்றுகூட இல்லாத, எல்லாப் பரிசோதனையும் ஒழுங்காக முடித்த பெண்ணுக்கும் வருகிறது. எனவே, 'ஹை ரிஸ்க்' என்று சிவப்பு மையில் எழுதப்பட்டவர்களை மட்டும் கவனித்தால் போதாது.

பெலகாவியின் கிராமங்களில்

ரத்தத்தை அளக்க இன்று உலகம் பரிந்துரைக்கும் பையின் கதையில் நமக்குப் பக்கத்து மாநிலத்துக்கு முக்கிய இடம் இருக்கிறது. இது இங்கே போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

2002 முதல் 2005 வரை கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அங்குள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பாலசந்திர கொட்கணி, சிவபிரசாத் கௌடர் ஆகியோரும், அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர்களான ரிச்சர்ட் டெர்மன், ஸ்டேசி கெல்லர் ஆகியோரும் அதில் முக்கியமானவர்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசிக்குக் குளிர்பதனப் பெட்டி வேண்டும், போடத் தெரிந்த ஆள் வேண்டும். இவை எதுவும் உறுதியாகக் கிடைக்காத கிராமத்தில், வீட்டிலோ துணை சுகாதார நிலையத்திலோ பிரசவிக்கும் பெண்ணுக்கு மிசோபிரஸ்டால் மாத்திரை உதவுமா?

பிரசவம் பார்த்தவர்கள் கிராமச் செவிலியர்கள். 1,620 பெண்கள் ஆய்வில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. மருந்து பெறாதவர்களில் 12 சதவீதம் பேருக்கு அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டது. மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம். ஒரு லிட்டர் அளவுக்குப் போன கடுமையான ரத்தப்போக்கு 1.2 சதவீதத்திலிருந்து 0.2 ஆகக் குறைந்தது. 2006இல் 'லான்செட்' இதழில் இந்த முடிவு வந்தபோது, மருத்துவர் இல்லாத இடத்திலும் தாயைக் காக்க முடியும் என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது.

ஆனால், இந்த எண்களைச் சொல்லவே முதலில் ரத்தத்தை அளந்திருக்க வேண்டுமே! பாயில் பிரசவித்த பெண்ணின் ரத்தத்தை எதில் பிடிப்பது? அதற்காக அந்தக் குழு ஒரு பிளாஸ்டிக் விரிப்பை உருவாக்கியது. உருவாக்கியவர்களின் பெயரெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'பிராஸ்-வி' என்று பெயர் வைத்தார்கள். குழந்தை பிறந்த கையோடு, பனிக்குட நீர் வடிந்த பிறகு, தாயின் இடுப்புக்கு அடியில் விரிப்பைச் செருகி, நாடாவை இடுப்பில் கட்டிவிடுவார்கள். விரிப்பின் கீழ்ப்பகுதி புனல் வடிவில் குறுகி, ஒரு பையாகத் தொங்கும். பையில் மில்லி லிட்டர் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். விழும் ரத்தம் அதில் சேரும்; குனிந்து பார்த்தால் அளவு தெரியும்.

பெலகாவி மாவட்ட மருத்துவமனையில் 123 பெண்களிடம் இந்தப் பையையும் கண்மதிப்பீட்டையும் ஒப்பிட்டார்கள். பை காட்டியதைவிடக் கண் 33 சதவீதம் குறைவாகச் சொன்னது. அதாவது, 750 மி.லி. போயிருக்கும் இடத்தில் கண் 500 என்று சொல்லும். 500 போயிருக்கும்போது, பயப்படும்படி ஒன்றுமில்லை என்று நினைக்கவைக்கும்.

இதில் செவிலியரையோ மருத்துவரையோ குறைசொல்ல ஒன்றுமில்லை. ரத்தத்தில் ஒரு பங்கு பஞ்சில் ஊறுகிறது, ஒரு பங்கு பாவாடையில், ஒரு பங்கு கட்டிலுக்கடியில் உள்ள வாளியில் பனிக்குட நீரோடு கலந்துவிடுகிறது. கொட்டுகிற ரத்தம் யாரையும் பதறவைக்கும். மெதுவாக, விடாமல், ஒரு மணி நேரம் கசிகிற ரத்தம் யார் கவனத்துக்கும் வருவதில்லை. அடுத்த கட்டிலில் இன்னொரு பெண் வலியில் கத்திக்கொண்டிருக்கும்போது எப்படி வரும்?

போதாக்குறைக்கு, 'கெட்ட ரத்தம்தானே, போகட்டும்' என்ற பழைய எண்ணம் இன்னும் குடும்பங்களில் இருக்கிறது. பிரசவத்தில் கெட்ட ரத்தம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. போவது அத்தனையும் அவளுடைய நல்ல ரத்தம்தான்.

அளந்தால் மட்டும் போதுமா?

போதாது. இதற்கும் நேர்மையான பதில் ஆய்விலிருந்தே வந்தது. ஐரோப்பாவின் 13 நாடுகளில் 25,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் இதேபோன்ற பையைப் பயன்படுத்திப் பார்த்து 2010இல் முடிவு வெளியிட்டார்கள். கடுமையான ரத்தப்போக்கு குறிப்பிடும்படி குறையவில்லை. பை அளவைச் சொல்லும். அளவைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்று முன்பே முடிவாகியிருக்காவிட்டால், அது சுவரில் தொங்கும் இன்னொரு பொருள்தான்.

இந்த முடிச்சை அவிழ்த்தது 'இ-மோட்டிவ்' என்ற ஆய்வு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் அரி குமாரசாமி தலைமையில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் அடங்குவார்கள். முடிவுகள் 2023 மே மாதம் வெளிவந்தன.

வழக்கமான நடைமுறையில் சிகிச்சை படிப்படியாக நடக்கும். முதலில் ஒரு ஊசி. கால் மணி நேரம் பார்ப்பது. நிற்கவில்லை என்றால் அடுத்தது. அதற்கும் நிற்கவில்லை என்றால் டாக்டருக்கு போன். ஒவ்வொரு படியிலும் நேரம் போகும், ரத்தமும் போகும். 'இ-மோட்டிவ்' இதை மாற்றியது. பையில் ரத்தம் கோட்டைத் தொட்டதும் எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்க வேண்டும்: கர்ப்பப்பையை அடிவயிற்றின் மேல் கைவைத்துத் தேய்த்துவிடுவது, ஆக்சிடோசின், ட்ரானெக்சாமிக் அமிலம், ட்ரிப்ஸ், கிழிசல் இருக்கிறதா என்று உள்ளே பார்ப்பது, அப்போதும் நிற்காவிட்டால் உடனே மூத்த மருத்துவரை வரவழைப்பது. இதைத் தொடங்கும் அதிகாரம் கட்டிலருகே நிற்கும் செவிலியருக்கு உண்டு.

பழைய முறையில் இருந்த மருத்துவமனைகளில் அதிக ரத்தப்போக்குகளில் பாதிதான் கண்டுபிடிக்கப்பட்டன. புதிய முறையில் 93 சதவீதம் பிடிபட்டன. கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான அறுவைச் சிகிச்சை, ரத்தப்போக்கால் மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 4.3 சதவீதமாக இருந்தது 1.6 சதவீதமானது. 60 சதவீதக் குறைவு! புதிதாக ஒரு மருந்துகூடக் கண்டுபிடிக்காமல் கிடைத்த பலன் இது. பேறுகால ஆராய்ச்சியில் இவ்வளவு பெரிய பலன் அபூர்வம்.

ஒகமோட்டோவின் மருந்து

அந்தப் பட்டியலில் உள்ள ட்ரானெக்சாமிக் அமிலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத் தோன்றுகிறது. ஜப்பானைச் சேர்ந்த உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவர் ஷோசுகேவும் 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த மருந்து இது. உறைந்த ரத்தக்கட்டி சீக்கிரமே கரைந்துவிடாமல் காக்கும். பிரசவத்தில் ரத்தப்போக்கால் சாகும் பெண்களுக்கு இது உதவ வேண்டும் என்பது உட்டாகோவின் ஆசை. அன்றைய மகப்பேறு மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க முன்வரவில்லை.

மருந்து மற்ற அறுவைச் சிகிச்சைகளுக்குப் போனது, பல் பிடுங்குவதற்குப் போனது, மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகும் பெண்களுக்கு மாத்திரையாகப் போனது. பிரசவ அறைக்கு உரிய சான்றோடு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஹலீமா ஷகூர்-ஸ்டில்லும் அவர் சகாக்களும் 21 நாடுகளில் 20,060 தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் இந்த ஊசியைப் போட்டால் ரத்தப்போக்கு மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மூன்று மணி நேரம் தாண்டினால் பலனில்லை. ஒவ்வொரு கால் மணி நேரத் தாமதத்துக்கும் பலனில் பத்து சதவீதம் கரைகிறது என்று அடுத்து வந்த ஆய்வு காட்டியது. உட்டாகோ 2016இல், 98 வயதில் காலமாகிவிட்டார்.

ஆக, கையில் இருக்கும் மருந்து கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிறது. கடிகாரத்தை ஓடவிடுவது எது? எப்போது ஆபத்து தொடங்கியது என்று தெரியாமல் இருப்பதுதான்.

தமிழ்நாட்டின் நிலை

பேறுகால நலனில் தமிழ்நாடு செய்திருப்பது பெரிய காரியம். 2001–03இல் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2019–21இல் அது 49. அதன் பிறகு இன்னும் குறைந்திருக்கிறது. ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கான சீமாங்க் மையங்கள், 108 ஆம்புலன்ஸ், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரிக்கும் தணிக்கை என்று முப்பதாண்டு உழைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது.

ஆனால், அதே 2019–21இல் கேரளத்தின் எண்ணிக்கை 20. வீட்டுப் பிரசவத்தை ஒழித்ததால் கிடைக்க வேண்டிய பலன் கிடைத்துவிட்டது. மீதிப் பலன் மருத்துவமனைக்கு உள்ளே, கட்டிலருகே நடப்பதைச் சீராக்கினால்தான் வரும். அதற்கு இரண்டு விஷயங்கள் குறுக்கே நிற்கின்றன.

முதலாவது, ரத்தசோகை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. 'உடம்புல ரத்தமே இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க' என்று பெண்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஹீமோகுளோபின் 12 உள்ள பெண் அரை லிட்டர் ரத்தத்தை இழந்தால் தாங்குவாள். 7 உள்ள பெண்ணுக்கு அதே அரை லிட்டர் உயிர்ப் பிரச்சினை. 300 மி.லி. என்ற புதிய எச்சரிக்கைக் கோடு நம் பெண்களுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ரத்தசோகை உள்ள தாய்மார்களுக்குப் பிரசவமானதும் முன்னெச்சரிக்கையாக ட்ரானெக்சாமிக் அமிலம் போட்டால் ரத்தப்போக்கைத் தடுக்கலாமா என்று ஹலீமாவின் குழு 15,000 பெண்களிடம் சோதித்தது. தடுக்க முடியவில்லை என்ற முடிவு 2023இல் வந்தது. பிரசவ நாளில் போடும் ஒரு ஊசியால் சரிசெய்துவிட முடியாது. பல மாதம் முன்பே, பல வருடம் முன்பே இரும்புச்சத்தைத் தேற்றியிருக்க வேண்டும்.

சத்து மாத்திரையை அரசு இலவசமாகத்தான் தருகிறது. வீட்டு அலமாரியில் அது அட்டை அட்டையாகச் சேர்ந்திருப்பதையும் பார்க்கிறோம். விழுங்கினால் குமட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. கறுப்பாகப் போவது இயல்புதான், பயப்பட வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டீயோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒரே பையில் தரப்படுகின்றன; இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஒன்று மற்றதைத் தடுக்கும், வேளை மாற்றிச் சாப்பிட வேண்டும். மாத்திரைக்கு ஹீமோகுளோபின் ஏறாவிட்டால் ட்ரிப்ஸில் இரும்புச்சத்து ஏற்றும் வசதி அரசு மருத்துவமனைகளில் உண்டு. ஆறாம், ஏழாம் மாதத்திலேயே அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்பதாம் மாதம் தாய்வீட்டுக்குப் போன பிறகு புது இடத்தில் புதிதாகத் தொடங்குவது காலம் கடந்த வேலை.

இரண்டாவது, சிசேரியன். அதே குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டின் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்கிறது. தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். தேவையான சிசேரியன் உயிர் காக்கும். தேவையில்லாதது அடுத்த பிரசவத்துக்கு ஆபத்தை வைத்துவிட்டுப் போகிறது: பழைய தையல் தழும்பில் நஞ்சு ஆழமாக ஊன்றிக்கொண்டால், அடுத்த முறை அதைப் பிரிக்கும்போது ரத்தம் ஆறாகப் பெருகும். சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க நேர்கிறது.

'இ-மோட்டிவ்' ஆய்வு சுகப்பிரசவங்களை மட்டுமே பார்த்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அறுவை மேசையில் ரத்தம் உறிஞ்சும் குழாயிலும் துணியிலுமாகப் பிரிந்து போகிறது. பனிக்குட நீரும் கலக்கிறது. அங்கே பை உதவாது. குழாயின் பாட்டிலில் நீருக்கும் ரத்தத்துக்கும் தனிக் கணக்கு வைத்து, நனைந்த துணியை எடைபோட்டுத்தான் அளக்க முடியும். பாதிக்குச் சற்றுக் குறைவான பிரசவங்கள் சிசேரியனாக நடக்கும் மாநிலத்தில் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

இன்னொரு சுமையா?

'ஏற்கெனவே ஒரு பிரசவத்துக்கு இத்தனை ரிஜிஸ்டர் எழுதுகிறோம், இது வேறா?' என்று செவிலியர்கள் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. இரவு ஷிஃப்டில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ், கையில் பிறந்த குழந்தை, கட்டிலில் தாய் என்று நிற்கும் இடங்கள் இருக்கின்றன. பிரசவமான முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பையையும் கர்ப்பப்பையையும் பார்க்கச் சொல்கிறது புதிய முறை. அதற்கு ஆள் வேண்டும். ஆள் போடாமல் பையை மட்டும் அனுப்பினால் ஐரோப்பாவில் நடந்ததுதான் இங்கும் நடக்கும்.

ஆக்சிடோசினும் கவலைப்பட வேண்டிய விஷயமே. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து அது. மே மாத வெயிலில் பிரசவ அறைத் தட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் வீரியம் போய்விடும். ஊசி போட்டதாகப் பதிவு இருக்கும், கர்ப்பப்பை சுருங்காது. வெப்பத்தைத் தாங்கும் கார்பெட்டோசின் என்ற மாற்று மருந்து ஏறத்தாழ 30,000 பெண்களிடம் சோதிக்கப்பட்டு, 2018இல் ஆக்சிடோசினுக்கு இணையான பலன் காட்டியது. மின்வெட்டு அதிகமுள்ள மலைப்பகுதி நிலையங்களுக்காவது இதை வாங்கிவைக்கலாம்.

என்ன செய்யலாம்?

தமிழ்நாடு மருத்துவ சேவைகள் கழகத்தின் கொள்முதல் பட்டியலில் அளவுக்கோடு போட்ட ரத்தச் சேகரிப்புப் பையைச் சேர்க்க வேண்டும். கையுறை, தையல் நூல் போலப் பிரசவத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அது வர வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் தொடங்கி, குறைகளைத் திருத்திக்கொண்டு, வட்ட மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் கொண்டுபோகலாம். தனியார் மருத்துவமனைகளுக்கு இதை உரிமப் புதுப்பித்தலின் நிபந்தனையாக்க வேண்டும். அங்கே நடக்கும் பிரசவங்களை விட்டுவிட்டால் வேலை அரைகுறையாகிவிடும்.

500 மி.லி. கோட்டைத் தொட்டதும், அல்லது 300இல் நாடித்துடிப்பு எகிறியதும், மருத்துவரின் கையெழுத்துக்குக் காத்திராமல் செவிலியரே முதல் சிகிச்சை அனைத்தையும் தொடங்கலாம் என்று எழுத்துபூர்வமான அரசாணை வேண்டும். வாய்மொழி அனுமதி போதாது. நாளை ஏதாவது நேர்ந்தால் பழி தன் மேல் விழும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் கை நீட்ட மாட்டார்கள். மருந்து, ஊசி, குழாய், ட்ரிப்ஸ் எல்லாம் ஒரே பெட்டியில் கட்டிலருகே இருக்க வேண்டும். சாவியைத் தேடி ஓடும் பீரோவில் இருக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் பணிபுரியும் பிரசவ வார்டுச் செவிலியர்களை நிரந்தரமாக்கி, இரவு ஷிஃப்டில் குறைந்தது இருவர் என்பதை உறுதிசெய்ய வேண்டும். பயிற்சியை ஹோட்டல் மண்டபத்தில் ஒரு நாள் பவர்பாயின்ட் காட்டி முடித்துவிடாமல், அவரவர் பிரசவ அறையிலேயே மாதம் ஒருமுறை ஒத்திகையாக நடத்தலாம்.

வளரிளம் பெண்களுக்குப் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை உண்மையில் விழுங்குகிறார்களா என்று பார்க்க ஆள் வேண்டும். கல்லூரிக்கும் மில்லுக்கும் போகும் பெண்கள் அந்தத் திட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. அவர்கள்தான் ஓரிரு ஆண்டில் கர்ப்பிணியாக வரப்போகிறவர்கள்.

குடும்பங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஏழாம் மாதத்திலேயே ஹீமோகுளோபின் எத்தனை என்று கேட்டு நினைவில் வையுங்கள். தாய்வீட்டுக்குப் போகும்போது பரிசோதனை அட்டையும் கர்ப்பத்தைப் பதிவுசெய்தபோது தந்த ஆர்சிஹெச் எண்ணும் கையோடு போகட்டும். எந்த மருத்துவமனையில் பிரசவமோ, அங்கே ரத்த வங்கி இருக்கிறதா, இல்லையென்றால் எங்கிருந்து வரும், எவ்வளவு நேரமாகும் என்று முன்பே கேளுங்கள். அரசு மருத்துவமனையின் பிரசவ அறையில் பெண் உறவினர் ஒருவர் உடனிருக்க அனுமதி உண்டு. எல்லோரும் குழந்தையைப் பார்க்க ஓடும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில், உடனிருப்பவர் தாயின் பக்கமே நிற்கட்டும். துணி நனைந்துகொண்டே இருந்தாலோ, உடம்பு சில்லிட்டு வியர்த்தாலோ, தலைசுற்றுகிறது, தாகமாக இருக்கிறது என்று அவள் சொன்னாலோ உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும். வீடு திரும்பிய பிறகும் திடீர் ரத்தப்போக்கு வரலாம். அப்போது முதல் அழைப்பு 108க்கு.

தாய் மரணத் தணிக்கையைப் பற்றி ஒரு வேண்டுகோள். விசாரணையில் இப்போது கேட்கப்படும் கேள்விகளோடு மூன்றைச் சேர்க்க வேண்டும்: ரத்தம் எத்தனை மணிக்கு அளக்கப்பட்டது, முதல் மருந்து எத்தனை மணிக்குப் போனது, ரத்தம் எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது. இறந்தவர்களைப் பற்றி மட்டுமின்றி, சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்த தாய்மார்களைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். எது சரியாக நடந்தது என்பதை அவர்களிடமிருந்துதான் கற்க முடியும். பெயர்களை நீக்கிவிட்டு, மாவட்ட வாரியாக ஆண்டுக்கு ஒருமுறை இந்த விவரங்களை மக்கள் நல்வாழ்வுத் துறை பொதுவில் வெளியிட வேண்டும்.